சிவக்காத மருதோண்டி

அத்தியாயம் ஐந்து

"வயிறு பஞ்சு மாதிரி இருந்தது, முத்தலிப். அதுதான் என்னை ஏமாத்திப் போட்டுது."

டொக்டர் நல்லரெத்தினம் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுபைறா வைத்த கோப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. காரைதீவில் சொந்த மருந்துச்சாலை வைத்திருப்பவர், இங்கிலாந்து போய்ப் படித்து வந்தவர், யார் வீட்டிலும் கதிரை சூடாகும்வரை இருக்காதவர். இன்று விடிந்த கையோடு கல்முனைக்குக் கார் ஓட்டி வந்திருந்தார்.

முத்தலிப் பொலிஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பி, வாசலில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டியவர். பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் ஆட்டைக் காணவில்லை என்றார். உதவியாளராக வேலை பார்ப்பது மனைவி சுபைறா. சம்பளம் கேட்காத உதவியாளர் என்று அவர் சொல்வார். சம்பளம் கொடுக்காத முதலாளி என்று அவள் சொல்வாள்.

"ஆருட வயிறு, டொக்டர்?" என்றாள் சுபைறா. "ஆள முதல்ல சொல்லுங்க. மறுகா வயித்துக்கு வருவம்."

"மருதமுனையில தறி வச்சிருக்கிற உம்மு எண்ட மனிசிட மூத்த மகள். றாபியா. கலியாணம் முடிச்சு நாலு வருசம், பிள்ளை இல்ல. கொஞ்ச நாளாச் சாப்பிட்ட கையோட வயித்தப் பிடிச்சிக்கொண்டு விழுந்து கத்துறாள். போன கிழமை என்னைக் கூப்பிட்டாங்க. எல்லா இடமும் அமத்திப் பாத்தன். இறுக்கம் இல்ல, வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. அவள் கத்துறா, வயிறு சும்மா கிடக்கு. வயித்தில ஒரு வருத்தமும் இல்ல, மனசுதான், நல்லாச் சாப்பிடக் குடுங்க எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

"அதுக்குப் பிறகு?"

"நான் சொன்னபடியே செய்தாங்க. புருசன் ஒரு கையப் பிடிக்க, தங்கச்சிக்காரி மற்றக் கையப் பிடிக்க, தாய் வாயில திணிக்கிறா. டொக்டரே நடிப்பு எண்டு சொல்லிட்டாராம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இண்டைக்குப் பகல் லுஹர் தொழுதிட்டுப் பள்ளிய நடத்துற மரைக்கார்மார் வரப்போறாங்க. அவங்கட கண்ணுக்கு முன்னால அவள் ஒரு வயிறு சாப்பிட வேணும். கத்தினா, பேய் பிடிச்ச ஆக்களச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற வளவு ஒண்டு தெற்கால இருக்காம், அங்க அனுப்பப் போறாங்க."

சுபைறா ஆறிய கோப்பியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"போன கிழமை இல்லாத சந்தேகம் இண்டைக்கு என்னத்துக்கு வந்தது?" என்றார் முத்தலிப்.

"நேத்துப் படிச்சன். உங்களுக்கு வயல் பாசையில சொல்றன். கதிர் வெளிய வர முந்தின குடலைப் பருவத்தில நெல்லு என்ன கேக்கும்?"

"தண்ணி."

"சாப்பிட்ட உடன குடல் கேக்கிறது ரத்தம். மடைய ஆரோ அடைச்சு வச்சா வயல் வெடிக்கும். வரம்பில நிண்டு பாக்கிறவனுக்கு வரம்பு நல்லாத்தான் தெரியும். நான் வரம்பைத் தட்டிப் பாத்திட்டு வந்தவன்."

"வயல் கத்தாதே, டொக்டர்."

"குடல் கத்தும். அதுட உள்தோல்ல ஒரு சாமான் தேங்கிக் கிடக்கு. செரட்டோனின் எண்டு பேர். அது என்ன எண்டு கண்டுபிடிச்சுப் பத்து வருசம்கூட ஆகல்ல. லண்டனில ஒரு ஆளுட கையில கொப்புளத்தக் கிளப்பித் தோலை உரிச்சு, அந்தப் பச்சைப் புண்ணில இதத் தடவிப் பாத்திருக்காங்க. நெருப்பு வச்ச மாதிரி எரிஞ்சிருக்கு. ரத்தம் வத்தின குடல்ல இருந்தும் இதுதான் கசிஞ்சு நரம்பு நுனியில படுது எண்டு நான் நினைக்கிறன். நரம்பு மூளைக்கு ஓடும். மனிசி கத்துவாள். வெளியில வயிறு பஞ்சு மாதிரியே கிடக்கும்."

"செரட்டோனின்," சுபைறா சொல்லிப் பார்த்தாள். "மட்டக்களப்பில அப்படிப் பேரில ஒரு பறங்கி நோனா இருந்தா. பியானோ படிப்பிச்சா."

"இவ படிப்பிக்கிறது வேற பாட்டு, தங்கச்சி."

"மடைய அடைக்கிறது ஆரு?" என்றார் முத்தலிப்.

"அதுக்குத்தானே உங்களிட்ட வந்தன். வயசாளிகளுக்குக் குழாய் தடிச்சு அடைபடும். இவளுக்கு இருபத்திரண்டு. நல்ல இதயம். மருந்து ஒண்டு இருக்கு, எர்கொட். ஒத்தத் தலையிடிக்குக் குளிசையாக் குடுக்கிறது. ரத்தக் குழாய இறுக்கும். அளவுக்கு மிஞ்சினா உடம்பில கிடக்கிற எல்லாக் குழாயையும் இறுக்கும். றாபியாவுக்குத் தலையிடி இருந்தது, அந்தக் குளிசையும் இருந்தது. ஆனா நோன்புக்கு முந்தியே நிப்பாட்டியாச்சு. போத்தலக் காட்டினாங்க. கழுத்துவரைக்கும் குளிசை கிடக்கு."

"சோத்துக்குள்ள?"

"ஒரே சகன் தட்டில நாலு பேரும் கை போட்டுச் சாப்பிடுறாங்க. மற்ற மூண்டு பேரும் திடமாத்தான் இருக்காங்க."

முத்தலிப் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். "இண்டைக்குப் பகல் அவள் சாப்பிட்டா என்ன நடக்கும்?"

"குடல் கறுத்துப் போகலாம். மறுகா நான் வந்தும் பிரயோசனம் இல்ல, நீங்க வந்தும் பிரயோசனம் இல்ல. ஆசுபத்திரியில கட்டிலுக்குச் சொல்லி வைக்கிறன். ஆனா இந்த டொக்டர் சொன்னா அந்த வீட்டில இனி நம்பமாட்டாங்க. என்ன குடுக்கிறாங்க, ஆர் குடுக்கிறாங்க எண்டு நீங்க காட்ட வேணும்."

*

ஆனி மாதக் கச்சான் காற்று பாண்டிருப்பு வீதியில் மணலை வாரிக் காரின் கண்ணாடியில் வீசியது.

"மாப்பிள்ளைதான்," என்றாள் சுபைறா.

"இன்னும் வீட்டையே பாக்கல்ல."

"ஷரிபுதீன்ட பேர எடுத்தா மருதமுனையில எல்லாரும் தங்கம் எண்டு சொல்றாங்க. வேற ஒருத்தன் எண்டா எப்பவோ தலாக் சொல்லியிருப்பான், இந்த மனிசன் பொறுத்துக்கொண்டு இரிக்காரு எண்டு. புருசன ஊரே புகழ்ந்தா அங்க ஏதோ பிழை இரிக்கு."

"என்னையும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"உங்கள ஆரும் புகழ்றல்லியே. அதாலதான் நான் உயிரோட இரிக்கன்."

முத்தலிப் சிரிக்கவில்லை. "தலாக் சொன்னா என்ன நடக்கும்?"

"நம்மட பக்கம் வீடு பொண்ணுட வீடு. உடுத்த சாரத்தோட வெளிய போவாரு."

"சொல்லாம இரிக்காரு. அவள் வருத்தத்தில மௌத்தாகிறாள். அப்ப?"

சுபைறா முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்தாள். "நல்ல மாப்பிள்ளைய வீட்டுக்காரர் விடமாட்டாங்க. தங்கச்சியக் கட்டி வச்சு அதே வீட்டில இருக்க வைப்பாங்க. தங்கச்சிட பேர் சித்தி லைலா, பதினெட்டு வயசு, ஆள் நல்ல வடிவு." அதோடு சேர்த்துச் சொன்னாள்: "நான் சொல்லல்லியா, மாப்பிள்ளைதான்."

*

உம்முவின் வீட்டுக்குத் தறிச் சத்தத்தைக் கேட்டே வழி கண்டுபிடிக்கலாம். வளவின் ஒரு பக்கம் கிடுகுக் கொட்டிலில் ஐந்தாறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாரம் வாங்க வந்திருக்கிறோம் என்றார் முத்தலிப். ஷரிபுதீன் பாய் விரித்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினான். மெலிந்த, சாந்தமான முகம். கீழே பார்த்துத்தான் பேசினான்.

சுபைறா உள்ளே போனாள். குசினியில் நெய்ச்சோற்றுக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. பெரிய சட்டியில் இறைச்சி கொதித்தது. உம்மு அகப்பையோடு நின்றாள். சோர்ந்த கண்கள், உறுதியான வாய்.

"மரைக்கார்மார் வாறாங்க, மகள். குறை வைக்க ஏலாதுதானே."

நடுவறையில் பாயில் றாபியா கிடந்தாள். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, ஒரு பக்கமாகச் சுருண்டு. காலையில் ஊட்டிய கஞ்சி வாயோரத்தில் காய்ந்திருந்தது. பக்கத்தில் சித்தி லைலா ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

சுபைறா குனிந்த அந்த நேரத்தில்தான் அது வந்தது. றாபியாவின் உடம்பு வில்லாக வளைந்தது. கத்தினாள். மனிதக் குரல்தானா என்று சுபைறாவுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

உம்மு குசினியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. கொட்டில் பக்கம் திரும்பி, "ஓட்டுங்க, ஓட்டுங்க," என்று மட்டும் குரல் கொடுத்தாள். தறிகள் வேகம் எடுத்தன. மரச்சட்டங்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் றாபியாவின் குரல் வேலியைத் தாண்டாமல் நின்றது. சாரத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த ஷரிபுதீன் சற்று நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். இந்த வீட்டில் எல்லாரும் இதற்குப் பழகிவிட்டார்கள்.

நோ தணிந்ததும் றாபியா கண்ணைத் திறந்தாள். "நான் பொய் சொல்லல்ல, ராத்தா," என்றாள், முன்பின் தெரியாத சுபைறாவிடம். "நீங்களாவது நம்புங்க."

"நம்புறன்கா."

அந்த ஒரு சொல்லுக்கு அவள் அழுத அழுகை, நோவுக்கு அழுததைவிட மோசமாக இருந்தது.

சுபைறா அவள் கையைப் பிடித்தாள். வெயில் கொளுத்தும் முற்பகல், அடுப்பெரியும் வீடு. அந்தக் கை கிணற்று வாளியைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. உள்ளங்கையில் மருதோண்டி பூசிய தடம் வெளிறிய மஞ்சளாக, காய்ந்த வாழைச் சருகின் நிறத்தில் இருந்தது.

"இது எப்ப பூசினது?"

"பெருநாளைக்கு," என்றாள் லைலா. தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவப்பு. "ஒரே அம்மியில நான்தான் அரைச்சன். ஒரே இரவுதான் ரெண்டு பேரும் வச்சிக்கிட்டுப் படுத்தம். ராத்தாட கைதான் சிவக்கல்ல."

"புருசன்ட பிரியம் இருந்தாத்தானே சிவக்கும்," என்றாள் உம்மு குசினியிலிருந்து. "பெருநாளைக்கு வந்த பொண்டுகள் எல்லாரும் சொல்லிச் சிரிச்சாங்க. என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

"எனக்கும் சிவக்கிறல்ல, மாமி," என்றாள் சுபைறா. "எங்கட மனிசனுக்குப் பிரியம் முழுக்கக் கார்லதான்." பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "வெயில்ல வந்தது தலை வெடிக்குது. குளிசை ஒண்டு இரிக்கா?"

"ஏன் இல்ல? றாபியாட குளிசை கிடந்து பழுதாகுது. லைலா, அலுமாரியத் திற."

லைலாவின் விசிறி நின்றது. "அது ராத்தாட மருந்து, உம்மா. பிறத்தியாருக்குக் குடுக்கிறா?"

"பழுதாகிறதவிட அவ குடிச்சாப் போகட்டும்." உம்மு தானே வந்து போத்தலை எடுத்து ஒன்றைக் கொடுத்தாள்.

சுபைறா குளிசையை நாக்கில் வைத்தாள். மூக்கு வரைக்கும் குளிர்ந்தது. இனித்தது.

விழுங்கத் தண்ணீர் வேண்டும்போல் பாவனை செய்து, றாபியாவின் தலைமாட்டில் இருந்த போத்தலுக்குக் கை நீட்டினாள். லைலா அதற்கு முன் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ராத்தாட பேருக்குக் குர்ஆன் வசனத்தப் பீங்கான்ல எழுதிக் கரைச்ச ஓதின தண்ணி. மத்தவங்க குடிச்சா நோய் அவங்களத் தொத்தும் எண்டு ஓதிப் பாக்கிற லெப்பை சொல்லியிரிக்காரு."

*

காருக்குப் பக்கத்தில், வேம்பின் நிழலில், சுபைறா அவசரமாகச் சொல்லி முடித்தாள். முத்தலிப் கையில் வாங்கிய சாரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெப்பமின்ட்டா?"

"கல்முனைச் சந்தியில பிள்ளையள் வாங்கித் தின்கிற அதே பெப்பமின்ட். டொக்டர் கழுத்துவரைக்கும் இரிக்கு எண்டு பாத்தாரு. நக்கிப் பாக்கல்ல. இங்கிலாந்துல அது படிப்பிக்கிறல்லபோல."

"அப்ப உண்மைக் குளிசை எல்லாம் எங்கயோ போயிரிக்கு. போன இடமும் தெரியும். ஒரே அம்மியில அரைச்சு ஒரே இரவு வச்ச மருதோண்டி ஒரு கையில சிவக்குது, மற்றக் கையில சிவக்கல்ல."

"பிரியம் இல்லாததாலயாம்."

"மருதோண்டிக்குப் பிரியம் தெரியாது, சுபைறா. சூடு தெரியும். வெதுவெதுப்பான கையிலதான் அது பிடிக்கும். பெருநாளைக்கே அந்தக் கைக்கு ரத்தம் போகல்ல. ஊர்ப் பொண்டுகள் எல்லாம் தடயத்தக் கையில பிடிச்சுப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிரிக்காங்க." சாரத்தைக் கார் இருக்கையில் எறிந்தார். "நோவு சோத்தோட வருது. அதால எல்லாரும் சோத்தையே பாத்தாங்க. சோறு ஒரு குற்றமும் செய்யல்ல. அது குடலுக்குள்ள போய் ரத்தம் கேக்குது, அவ்வளவுதான். நஞ்சு வேற நேரத்தில, வேற வழியால போகுது. அந்த வீட்டில றாபியா மட்டும் குடிக்கிற, வேற ஆரும் வாய் வைக்காத சாமான் என்ன?"

சுபைறா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓதின தண்ணி."

"குங்குமப்பூ மையில எழுதிக் கரைக்கிறது. தண்ணி மஞ்சளாக் கலங்கி இரிக்கும். அதுக்குள்ள என்ன கரைச்சாலும் தெரியாது. மத்தவங்க ஒரு சொட்டும் குடிக்கமாட்டாங்க. யோசிச்சுச் செய்த ஆள்."

"கொண்டு வாறது மாப்பிள்ளை. விடியச் சுபஹு தொழுதிட்டு அந்த முகைதீன்பாவா லெப்பையிட்ட வாங்கி வாறாராம். நான் வீட்டுக்கு வர முந்தியே சொன்னனா இல்லியா?"

"கொண்டு வாறது அவர். வாயில ஊத்திக் குடுக்கிறது?"

"லைலா." சுபைறா யோசித்தாள். "அவள் அலுமாரியத் திறக்கத் தயங்கினாள். போத்தல மடியில வச்சிக்கொண்டாள். ஆனா ராத்தாவில பிரியம் எண்டா எந்தத் தங்கச்சியும் அப்படித்தானே செய்வாள்?"

"ரெண்டு கை. ரெண்டையும் கேட்டா ரெண்டும் பொய் சொல்லும். கையக் கேக்கக்கூடாது. அதத் தன்பாட்டில ஓட வைக்கணும்."

பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். தொழுகை முடிந்தால் மரைக்கார்மார் எழுந்து நேரே இங்கே வருவார்கள். குசினியிலிருந்து நெய்ச்சோற்று வாசம் தெருவரை வந்துவிட்டது.

"நெய்ச்சோத்துக்குக் குங்குமப்பூ கிடக்குமா?" என்றார் முத்தலிப்.

*

லைலா போத்தலை அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், அப்போதுதான் நடுவறைக்குத் திரும்பியிருந்தாள். ஷரிபுதீன் கூடத்தில் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். சுபைறா ஒரு கிளாஸை நீட்டினாள். மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர்.

"தம்பி, வெயில்ல நிண்டு இவ்வளவு நேரம் துணி காட்டினீங்க. குடத்தில தண்ணி முடிஞ்சிட்டு. றாபியாட தலைமாட்டில இருந்த போத்தல்லதான் ஊத்தினன். தோசம் இல்லத்தானே?"

சுபைறாவின் கண் அவன் முகத்தை விட்டு அசையவில்லை. இந்த முகம் இப்போது வெளிறும். இந்தக் கை இப்போது நடுங்கும். காரில் போகும்போது, நான் சொன்னேனே என்று சொல்ல வேண்டிய வசனம் அவளிடம் தயாராக இருந்தது.

ஷரிபுதீன் கிளாஸை வாங்கினான். "பறவால்ல, ராத்தா. அல்லாட கலாம் கரைச்ச தண்ணிதானே." பிஸ்மில்லாஹ் சொல்லி உதட்டில் வைத்தான்.

நடுவறை வாசலில் தொங்கிய திரைச்சீலை கிழிந்து விழுந்தது.

சிவந்த கை ஒன்று அவன் முகத்துக்கு நேரே வந்து கிளாஸைத் தட்டியது. கிளாஸ் சுவரில் பட்டு நொறுங்கியது. மஞ்சள் தண்ணீர் அவன் சட்டையில் வழிந்தது. சித்தி லைலா இரண்டு கைகளாலும் அவன் தாடையைப் பிடித்து வாய்க்குள் பார்த்தாள்.

"குடிச்சிட்டீங்களா மச்சான்? துப்புங்க. துப்புங்க மச்சான்."

அவன் விழித்தான். அவள் மூச்சு வாங்கினாள். பிறகுதான் கூடத்தில் மற்றவர்களும் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கைகளை எடுத்துத் தாவணிக்குள் மறைத்தாள்.

"ஏன் தட்டின, மகள்?" முத்தலிப் மெதுவாகத்தான் கேட்டார்.

"அது... ராத்தாட பேருக்கு ஓதினது."

"ஓதினது உன்ட போத்தல்லயே இரிக்கு. இது கிணத்துத் தண்ணியும் உங்கட உம்மாட குங்குமப்பூவும்."

லைலா திரும்பிச் சுபைறாவைப் பார்த்தாள். சுபைறா எதிர்பார்த்த பயம் அந்தப் பார்வையில் இல்லை. ஏமாற்றப்பட்ட ஒரு குழந்தையின் கோபம் இருந்தது. அதுதான் சுபைறாவைப் பயப்படுத்தியது.

"ராத்தா தினமும் குடிக்கலாம்," என்றாள் சுபைறா. "மச்சான் ஒரு வாய் குடிக்கக் கூடாதா?"

லைலா மச்சானைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றார் முத்தலிப்.

"நோன்பில இருந்து." லைலா கண்ணீர் விடவில்லை. "உம்மாதான் சொன்னா."

அகப்பையோடு ஓடிவந்த உம்மு வாசற்படியில் நின்றாள். "நான் என்னடி சொன்னன்?"

"சாச்சியிட்டச் சொல்லிக்கொண்டிருந்தீங்க. நான் கதவுக்குப் பின்னால நிண்டன். றாபியாவுக்குப் பிள்ளை இல்ல, அவள் இருந்து என்ன, அவளுக்கு ஒண்டு நடந்தாலும் லைலா இரிக்காள், மாப்பிள்ளை நம்மள விட்டுப் போகமாட்டாரு எண்டு. சொன்னீங்களா இல்லியா?"

"அது வாய் தவறி..."

"மச்சானும் சொன்னாரு. பெருநாளைக்கு. என்ட கை மாதிரி ஊர்லயே ஒருத்தருக்கும் சிவக்கல்ல எண்டு."

ஷரிபுதீன் சட்டையில் வழிந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே நின்றான். "சும்மா சொன்னதுகா," என்றான். "சின்னப் பிள்ளையிட்டச் சும்மா ஒரு கதைக்குச் சொன்னது."

லைலாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. அக்காவின் கையை எத்தனையோ தரம் பிடித்து வைத்து வாயில் சோறு திணிக்க உதவியபோது உடையாத முகம்.

பின்னால் ஏதோ தரையில் உரசும் சத்தம். றாபியா பாயிலிருந்து ஊர்ந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து அங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தங்கையைப் பார்க்கவில்லை. உடைந்த கிளாஸைப் பார்த்தாள்.

"அப்ப உண்மையாத்தான் நொந்ததா?" என்றாள்.

நோவு அவளுடையது. அதை உண்மையென்று இன்னொருவர் சொல்லக் கேட்க வேண்டிய இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"உண்மையாத்தான்," என்றார் முத்தலிப். "டொக்டர் கட்டிலோட காத்துக்கொண்டிரிக்காரு. அந்தத் தண்ணிய நிப்பாட்டினா நீ சுகப்படுவாய்."

தெருவில் செருப்புச் சத்தம். பேச்சுக் குரல்கள். தொழுகை முடிந்துவிட்டது.

உம்மு முதலில் செய்தது கூடத்துக் கதவைச் சாத்தியதுதான். பிறகு கொட்டில் பக்கம் திரும்பி, "ஓட்டுங்க, நிப்பாட்டாதீங்க," என்றாள். பிறகு பாவாடை நிலத்தில் இழுபட றாபியாவின் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய குளிர்ந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் குளிர்ந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை.

"மகள், நீ சுகப்பட்டிருவாய். டொக்டர் சொல்லிட்டாரு. உனக்கு ஒண்டும் இல்ல இனி. ஆனா இவள்? பொலிசு கொண்டு போகும். இந்த வீட்டுப் பேர் போகும். மரைக்கார்மார் கேட்டா நடிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. மாப்பிள்ளையில கோவம், அதுக்கு நடிச்சன், இனி நடிக்கமாட்டன் எண்டு சொல்லு. ஏசிப்போட்டுப் போயிருவாங்க. சங்கிலி இல்ல, ஒண்டும் இல்ல. ஒரே ஒரு சொல்லு." முத்தலிப்பை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இப்ப பொலிசுல இல்லத்தானே, தம்பி?"

"இல்ல," என்றார் முத்தலிப். "நான் பாத்தத நான் சொல்லுவன். ஆனா நொந்தது றாபியாவுக்கு. முதல்ல அவள் சொல்லட்டும்."

சுபைறா அவர் கையைக் கிள்ளினாள். இந்த உடம்போடு இருக்கிறவளிடம் இதையும் போய்க் கேட்பதா? ஆனால் றாபியா யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டு கையை எடுத்தாள்.

வெளியே வேலிக் கடப்பு திறந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று ஒரு வயதான குரல். லைலா தாயின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். உம்மு ஒரு கையால் அவளை இன்னும் பின்னால் தள்ளி மறைத்தாள். மறு கை றாபியாவின் கையை விடவில்லை.

றாபியா அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். மறைக்கிற கை. பிடித்திருக்கிற கை.

"உம்மா, வயிறு பஞ்சு மாதிரி இரிக்கு, நடிக்காத, நடிக்காத எண்டு நீங்கதான் ஒவ்வொரு நாளும் சொன்னீங்க," என்றாள். சொல்லிவிட்டுத் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு நடிக்கத் தெரியா, உம்மா."

பிறகு புருஷனைப் பார்த்தாள். நான்கு வருடத்தில் அவனிடம் அவள் எதையும் ஏவியதில்லை.

"மச்சான். தறிய நிப்பாட்டச் சொல்லுங்க."

ஷரிபுதீன் மாமியாரைப் பார்த்தான், லைலாவைப் பார்த்தான், பிறகு கொட்டிலுக்குப் போனான். ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறியும் ஓய்ந்தபோது கச்சான் காற்றில் வேம்பு அசையும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் கேட்காத சத்தம்.

றாபியா கதவு நிலையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "உள்ள வாங்க."